அறுத்தெடுத்த கழுத்துச் சீட்டு

இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் கஞ்சி வாசம் எழுந்ததும், அப்பா விட்டுப்போன வெள்ளைச் சட்டைகளோடு நானும் சங்கரன்கோவில் ரதவீதியில் இருந்த அந்தச் சின்ன ஜவுளிக்கடைக்குள் நினைவில் போய் நின்றேன்.

தீபாவளிக்குச் சட்டை எடுக்க அப்பா வேறெங்கும் போகமாட்டார். கடைக்கார அண்ணாச்சி அளவெடுக்க டேப்பைத் தொட்டதே இல்லை. ஆளை ஒருமுறை பார்ப்பார். அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை உருவுவார். மடிப்பில் குத்திய குண்டூசிகள் கண்ணாடி மேசையில் ஒவ்வொன்றாய் விழும். அப்பாவுக்கு வயிற்று நோய் வந்த பிறகு, அண்ணாச்சி பிளேடால் காலரில் இருக்கும் அளவுச் சீட்டையும் அறுத்துத் தன் பையில் போட்டுக்கொள்வார்.

"கழுத்துல குத்தும் வே."

இப்போது அங்கே செல்போன் கடை. அண்ணாச்சியும் இல்லை. இன்று தேய்த்த நான்கு சட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோதுதான் கவனித்தேன். அடியில் இருந்த பழைய சட்டையில் மட்டும் நாற்பத்திரண்டு என்ற சீட்டு இருந்தது. மற்ற மூன்றிலும் சீட்டு இல்லை. ஒவ்வொன்றும் முந்தையதைவிடத் தோளில் ஒரு விரல் குறுகியிருந்தது.

கடைசித் தீபாவளிக்கும் அப்பா புதுச்சட்டையோடு கண்ணாடி முன் நின்று அம்மாவைக் கூப்பிட்டார்.

"மெலிஞ்சிட்டேன் மெலிஞ்சிட்டேன்னு அழுதியே, பாரு ஏட்டி! அதே நாப்பத்திரண்டுதான், அளவா இருக்குல்லா?"