சகாயமேரியும் பொட்டு வைத்த பிப்பெட்டும்

சகாயமேரி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஆரம்பாக்கம் பக்கத்தில் ஓர் இறால் குட்டையின் கரையில் நின்றுகொண்டிருந்தேன். அவருடைய கணவர் அந்தோணிதான் போனில் கூப்பிட்டார். "சேகர், மேரி பூட்டா" என்றார். எனக்குத் தெரிந்த மேரி ஒருவர்தான். இருந்தும் "எந்த மேரி?" என்று கேட்டேன். காலையில் தலை வலிக்கிறது என்று படுத்தவருக்கு மூளையில் ரத்தக்கசிவு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அவரோடு வேலை செய்தவர்களுக்கும் அவரிடம் திட்டு வாங்கியவர்களுக்குமாக இதை எழுதுகிறேன். பெரும்பாலும் இரண்டு பேரும் ஒரே ஆட்கள்தான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இறால் தீனி செய்யும் ஆலை ஒன்றின் பின்பக்கம் எங்கள் ஆய்வகம். நானும் அவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தோம். இறால் தொட்டிகள் என் பொறுப்பு, ஆர்.என்.ஏ. அறை அவர் பொறுப்பு. அவர் வீடு வேப்பம்பட்டில், அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு நேர் ரயில் கிடையாது. பேசின் பிரிட்ஜில் இறங்கி, வண்டி மாறி, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்வார். வந்ததும் முழங்கைவரை கை கழுவி, கையுறை போட்டுக்கொண்ட பிறகுதான் குட்மார்னிங். சாதாரணமாக என்னைச் சேகர் என்று கூப்பிடுவார். கோபம் வந்தால் "சேகர் சார்" ஆகிவிடுவேன். வாரத்தில் பாதி நாள் நான் சார்தான்.

நாங்கள் செய்த வேலையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இறாலை வாரிக்கொண்டு போகும் வெள்ளைப்புள்ளி நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். அது இறாலின் செல்லுக்குள் புகுந்ததும், தன் புரதங்களைச் செய்யச் சொல்லி உத்தரவு அனுப்பும். ஆர்.என்.ஏ. என்ற இழைதான் அந்த உத்தரவு. அதே எழுத்து வரிசையில் இரட்டை இழையாகச் செய்த ஆர்.என்.ஏ.வை நாம் முன்கூட்டியே இறாலுக்குக் கொடுத்துவிட்டால், செல் அதைத் துண்டு துண்டாக நறுக்கும். பிறகு அந்தத் துண்டுகளை அடையாளமாக வைத்துக்கொண்டு வைரஸின் உத்தரவையும் தேடிப் பிடித்து வெட்டும். வைரஸின் மரபணு அங்கேயேதான் இருக்கும், ஆனால் அதன் பேச்சு எடுபடாது. இந்த இரட்டை இழையைத் தீனியில் பூசிக் கொடுக்க முடியுமா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி.

இதில் பெரிய பேஜாரு என்னவென்றால், ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி நம் தோலிலும் வேர்வையிலும் எச்சிலிலும் இருக்கிறது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் கிருமி சாகும், இந்த நொதி சாகாது. அதற்கென்று தனிக் கரைசல் உண்டு. "நம்ம கைதான் நமக்கு எதிரி" என்பார் சகாயமேரி. ஒருமுறை முதலாளி வெளியூர் விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு அந்த அறைக்குள் நுழையப் பார்த்தார். இவர் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டார். "சார், கண்ணாடி வழியா பாருங்க. உள்ள வந்தா நான் மொதல்லேந்து செய்யணும்." விருந்தாளிகள் கண்ணாடி வழியாகத்தான் பார்த்துவிட்டுப் போனார்கள்.

தொட்டிகளில் எங்கள் தீனி நன்றாகவே வேலை செய்தது. நான் குதித்தேன், அவர் குதிக்கவில்லை. வைரஸுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு இரட்டை இழையையும் வேறு தொட்டிகளில் கொடுத்துப் பார்க்கவேண்டும் என்றார். எந்த இரட்டை இழையைப் பார்த்தாலும் இறாலின் உடம்பு கொஞ்சம் விழித்துக்கொள்ளும், அந்தப் பெருமையை நாம் தட்டிக்கொண்டு போகக் கூடாது என்பது அவர் வாதம். கொடுத்துப் பார்த்தோம். சம்பந்தமில்லாததும் கொஞ்சம் காப்பாற்றியது, எங்களுடையது அதைவிடத் தெளிவாகக் காப்பாற்றியது. அன்றைக்குத்தான் சிரித்தார்.

அடுத்து, நிஜமான குட்டை ஒன்று வேண்டும். ஆரம்பாக்கத்து முனிரத்தினம் அண்ணன் சம்மதித்தார். நெல் நிலத்தின் ஒரு பகுதியைக் குட்டையாக்கி இறால் விட்டவர். வெள்ளைப்புள்ளி வந்து அடுத்தடுத்து அடி வாங்கியிருந்தார். "இந்த தபாவும் பூட்டா குட்டைய மூடிட்டு கம்பெனி வேலைக்குத்தான் போவணும் மேடம்" என்றார். தீனிக்கு அவர் மனைவி சுசீலாம்மா பொறுப்பு. பொட்டலத்தை வெயிலில் வைக்கக் கூடாது, ஈரக் கையால் தொடக் கூடாது என்று சகாயமேரி சொன்னதை அந்த அம்மா ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்லிக் காட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. தொழிற்பேட்டையில் அன்றைக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். லேத்து, கிரேன், லாரி, டீக்கடை பாய்லர் வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வாழைக்கன்றும்தான். எங்கள் ஆய்வகத்திலும் உண்டு, ஆர்.என்.ஏ. அறையைத் தவிர. அந்த அறையை விட்டுவிடுவதற்கு நொதி ஒரு காரணம். அவர் கிறிஸ்தவர், சங்கடப்படுவாரோ என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டது இன்னொரு காரணம்.

அந்த வருடம் சந்தனக் கிண்ணத்தை என் கையிலிருந்து அவரே வாங்கினார்.

"எல்லா ரூமுக்கும் வச்சீங்க. என் ரூம் இன்னா பாவம் பண்ணுச்சி? எங்க நைனா ஃபவுண்டரிலேந்து கொண்டாந்த ஆயுத பூஜை பொரிய துன்னு வளந்தவ நான்" என்றார்.

அவர் அப்பா வயல் கூலியாக இருந்து இரும்பு ஆலைக்கு வேலைக்குப் போனவர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பிப்பெட் என்பது, துளித் துளியாகத் திரவத்தை அளந்து எடுக்கும் கைக்கருவி. அறையிலிருந்த எல்லாப் பிப்பெட்டுக்கும் வெறும் விரலால், மோதிர விரலால், வரிசையாகப் பொட்டு வைத்தார். கையுறை போட்டுக்கொண்டு யாராவது சாமிக்குப் பொட்டு வைப்பார்களா? அவருக்கும் தோன்றவில்லை, பக்கத்தில் நின்று கற்பூரம் காட்டிய எங்களுக்கும் தோன்றவில்லை. அவர் முகத்தில் அன்றிருந்த சந்தோஷத்தை நான் பிறகு ஒருநாளும் பார்க்கவில்லை.

விடுமுறை முடிந்து வந்தவர் பிப்பெட்டுகளைத் துடைத்தார். தனிக் கரைசல் தீர்ந்துபோயிருந்தது. முனிரத்தினம் அண்ணனின் குட்டைக்குத் தீனி அனுப்பும் அவசரம் வேறு. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். எங்களுக்கெல்லாம் படித்துப் படித்துச் சொன்னவர்தான். ஆர்.என்.ஏ.வை முன்பே சோதித்துப் பார்த்திருந்தார், அப்போது நன்றாகத்தான் இருந்தது. பிறகு அதே பிப்பெட்டுகளால் தண்ணீர் கலந்து பங்கு பிரித்து, தீனியில் பூசினோம். பங்கு பிரித்த பின் மறுபடி சோதிக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.

மழை பிடித்துக் குட்டைத் தண்ணீர் குளிர்ந்ததும் வெள்ளைப்புள்ளி வந்தது. எங்கள் தீனியைத் தின்ற இறால்களும் கரையோரம் ஒதுங்க ஆரம்பித்தன. பிழைத்ததை வாரி, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதைத் தவிர முனிரத்தினம் அண்ணனுக்கு வேறு வழியில்லை. அவர் ஆலைக்கே வந்து முதலாளி முன்னால் நின்றார். முதலாளி கேட்ட முதல் கேள்வி, "பொட்டலத்த வெயில்ல கியில்ல வச்சிட்டீங்களா?"

முனிரத்தினம் அண்ணன் அந்தக் கேள்வியோடு வீட்டுக்குத் திரும்பினார். வீட்டில் என்ன நடந்தது என்பது பிறகு தெரிந்தது. தீனி போட்டவர் சுசீலாம்மா. ஆகவே குட்டை போனதும் அவரால்தான் என்று ஆகிவிட்டது. புருஷன் ஒரு பக்கம், மாமியார் ஒரு பக்கம். ஊரிலும் பேச்சு பரவிவிட்டது.

ஆய்வகத்தில் மீந்திருந்த பொட்டலத்தைச் சகாயமேரி எடுத்துச் சோதித்தார். முழுசாக இருந்தால் ஒரே பட்டையாகத் தெரியவேண்டிய ஆர்.என்.ஏ. சிதைந்து இழுவிப்போய்க் கிடந்தது. இந்தப் பொட்டலம் எங்கள் குளிர்பெட்டியை விட்டு வெளியே போகவே இல்லை, வெயிலைப் பார்த்ததே இல்லை. பிப்பெட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒன்றின் கீழ் இடுக்கில், காய்ந்த சந்தனம் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதை ஊசிமுனையால் எடுத்து, என்னிடம் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி கெட்டவர் இல்லை. "அவங்களே வெயில்னு நம்பிட்டாங்க. நஷ்டத்துக்கு ஏதாவது செஞ்சிடலாம். இத போய் சொல்லணுமா?" என்றார். இனிமேல் ஆய்வகத்தில் பூஜையே வேண்டாம் என்றும் சொன்னார். சகாயமேரி இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. "தப்பு பொட்டு மேல இல்ல சார், என் கை மேல. பூஜை நடக்கட்டும். நான் ஆரம்பாக்கம் போறேன்" என்றார். வேலை போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இருந்தது. அந்தோணி அண்ணன் அப்போது வேலையில்லாமல் இருந்தார். அந்தப் பயத்தைச் சகாயமேரி என்னிடம் மறைக்கவில்லை. பயந்துகொண்டேதான் போனார். பைக்கில் நான்தான் கூட்டிப்போனேன்.

முனிரத்தினம் அண்ணன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுசீலாம்மா கதவுக்குப் பின்னால் நின்றார், வெளியே வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். சகாயமேரி சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணா, தீனி இங்க கெடல. எங்ககிட்டயே கெட்டுப்போச்சு. ஆயுத பூஜைக்கு நான் வெறும் கையால பொட்டு வச்சேன், அப்பறம் சரியா தொடைக்கல. அதுல கெட்டது. அக்கா வெயில்ல வைக்கல. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

முனிரத்தினம் அண்ணன் கேட்டார்: "பொட்டு வச்சா கெட்டுப்பூடும்னா, அது இன்னா மேடம் மருந்து?"

"அந்த மாதிரி மருந்துதான்ணா. அத உங்ககிட்ட மொதல்லயே சொல்லியிருக்கணும்."

திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். திட்டினார். நியாயமாகவே திட்டினார், சகாயமேரி தலை குனியாமல் கேட்டுக்கொண்டார். திட்டி முடித்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். கதவுப் பக்கம் திரும்பி, "சுசீலா, வா, நீ குந்து" என்றார். அந்த அம்மா வந்து, எல்லோரும் பார்க்க, அதில் உட்கார்ந்தார்.

வேலை போகவில்லை. பங்கு பிரித்த பிறகும் சோதிக்கும் வழக்கம் அன்றிலிருந்து வந்தது. பூஜையும் நிற்கவில்லை, ஆர்.என்.ஏ. அறைக்கு மட்டும் பொட்டு வெளிக்கதவில். அடுத்த பட்டத்தில் முனிரத்தினம் அண்ணன் மறுபடி ஒரு குட்டையைக் கொடுத்தார். அந்தத் தடவை நோயே வரவில்லை, ஆகவே தீனி காப்பாற்றியதா என்று சொல்ல முடியாது. நான் காப்பாற்றியது என்று எழுத ஆசைப்பட்டேன், நோய் வரவில்லை என்று சகாயமேரி எழுதினார். தீனி இன்னும் கடைக்கு வரவில்லை. குட்டைக்குக் குட்டை முடிவு மாறுகிறது. அது முடிவதற்குள் அவர் முடிந்துபோனதில் எனக்கு வருத்தம் மட்டும் இல்லை, கோபமும் இருக்கிறது.

அடக்கத்தன்று வேப்பம்பட்டு வீட்டில் ஆலைக்காரர்கள், சர்ச்சுக்காரர்கள், ரயில் சிநேகிதிகள் என்று கூட்டம். சுசீலாம்மா தனியாக வந்திருந்தார். முனிரத்தினம் அண்ணனுக்குக் குட்டையை விட்டு வர முடியவில்லை. கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி, வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார். பெட்டியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அந்தோணி அண்ணனிடம் வந்து சொன்னார்:

"எனக்கு இங்க யாரையும் தெரியாதுங்க. ஒரு தபா எம்மேல வந்த பழிய இவங்க ஊடு தேடி வந்து எடுத்துக்கினு போனாங்க. சொல்லாம இருந்திருந்தா நான் செத்த பொறவும் எங்க ஊர்ல அத சொல்லிக்கினு இருப்பாங்க."

அந்தோணி அண்ணனுக்கு விஷயமே தெரியாது. அன்றைக்கு ஆரம்பாக்கம் போய்த் திட்டு வாங்கியதைச் சகாயமேரி வீட்டில் சொல்லவே இல்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் அங்கேயே நின்று சொன்னேன்.

ஆர்.என்.ஏ. அறை இப்போது என் பொறுப்பு. போன வாரம் ஒரு குட்டைக்காரர் போனில் கூப்பிட்டு, தீனி சரியில்லை என்றார். வெயிலில் வைத்தீர்களா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, "ஊட்ல யாரையும் ஒண்ணும் சொல்லாதீங்க, மொதல்ல நான் எங்க பக்கம் பாக்கறேன்" என்றேன். சகாயமேரியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இது ஒன்றுதான்.