ஆயுத பூஜைக்கு அணைத்த சர்வர்கள்

எங்கள் முதலாளிக்கு லினக்ஸ் தெரியாது. ஆயுத பூஜை தெரியும். கேளம்பாக்கத்தில் அப்பாவின் நெல் வயலில் கட்டடம் எழுப்பி, சுற்றிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைப்பதைப் பார்த்து, தானும் சர்வர்களை வாடகைக்கு விட ஆரம்பித்தவர். அறை நிறைய மெஷின்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு டிஸ்க். எதை எழுதினாலும் இரண்டிலும் பதிவாகும், ஒன்று செத்தால் மற்றது காப்பாற்றும். அதற்கென்றே தனி கார்டு விற்றார்கள். மெஷினை ஓட்டும் லினக்ஸே சும்மா செய்யுமாமே, கார்டு எதற்கு என்றார். அந்தச் 'சும்மா'வுக்குள் நான் இருந்தேன். அத்தனை ஜோடிகளுக்கும் நான் ஒருவன்தான் காவல்.

அந்த வருடம் பூஜைக்கு எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார்.

"வேணாம் சார். வருஷக்கணக்கா நிக்காம சுத்தின டிஸ்க். நிறுத்தினா சிலது மறுபடி சுத்தாது" என்றேன்.

"இன்னா சார் நீ? கொத்தனார் கரண்டிக்கே அன்னிக்கு ரெஸ்ட் கீது. மிஷினு இன்னா பாவம் பண்ணுச்சு? கஸ்டமருக்கெல்லாம் சொல்லிட்டேன், அணை."

அணைத்தேன். ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். கற்பூரத்தை மட்டும் அறைக்கு வெளியே நிறுத்தினேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

மறுநாள் விஜயதசமி. என் மகள் முதல் எழுத்து எழுதும் நாள். அப்பா கையைப் பிடித்தால்தான் எழுதுவேன் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். விடிந்ததும் போய் மெஷின்களைப் போட்டுவிட்டு, வண்டலூர் வழியாக நல்ல நேரத்துக்குள் தாம்பரம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

போட்டேன். ஐந்தாறு மெஷின்களில் தலா ஒரு டிஸ்க் 'டக் டக்' என்று முனகிவிட்டு அடங்கியது. புது டிஸ்க் மாட்டி, உயிரோடிருந்த ஜோடி டிஸ்கிலிருந்து நகல் ஏற்ற ஆரம்பித்தேன். நகல் முடிவதற்குள் அதுவும் படுத்தால் வாடிக்கையாளர் வைத்திருந்த எல்லாம் போச்சு. அது தள்ளாடினால் உடனே கை வைக்க வேறு ஆளில்லை. திரையில் சதவீதம், பல்லாவரம் சிக்னலில் பஸ் நகர்வதுபோல நகர்ந்தது. எரிச்சலில் நாற்காலியை எட்டி உதைத்தேன். கால்தான் வலித்தது.

செல்போனில் மனைவி. "நேரம் முடியப் போகுதுங்க. வர்றீங்களா, இல்லையா?"

பின்னாலிருந்து, "அப்பா வரட்டும்" என்று மகளின் குரல்.

"நீயே கையப் பிடிச்சு எழுத வெச்சிடு" என்றேன்.

மாலைக்குள் எல்லா ஜோடிகளும் சேர்ந்துவிட்டன. எதுவும் தொலையவில்லை. முதலாளி கை நிறைய பொரியோடு வந்தார்.

"பாத்தியா சார்? பூஜை போட்டதாலதான் ஒண்ணும் ஆவல."

பதில் சொன்னால் வேலை போய்விடும் என்பதால் பொரியை வாயில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனபோது மகள் தூங்கியிருந்தாள். மனைவி ஒரு டம்ளர் பாயசம் கொண்டுவந்து வைத்தாள்.

"அவ எழுதின அரிசிதான். எவ்ளோ நேரம் தாம்பாளத்துல அப்படியே வெச்சிருக்கிறது?"

"'அ' எப்படிப் போட்டா?"

"அத வந்து பாத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.