குட்டை பேசாத வருஷம்

எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பை மடிக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். அதில் பெயர் போன ஜோடி நெட்டையும் குட்டையும். நெட்டை கொஞ்சம் குனிவாள், குட்டை கொஞ்சம் எக்குவாள். நடுவில் ஊர்வம்பு, வீட்டுக்கதை எல்லாம் ஓடும். இஸ்திரி மேசையில் நிற்கும் எனக்குப் பொழுது போனதே அவர்களால்தான்.

குட்டைக்கு மூக்குநுனியில் கோபம். புருஷன் போன பிறகு அவளுக்குப் பேச்சுத்துணை என்று இருந்தது நெட்டை ஒருத்திதான். புது மேனேஜர் சுற்றிப் பார்க்க வந்த அன்று நெட்டைக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் குடுங்க சார், வேலை இன்னும் வேகமா நடக்கும்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். குட்டை தன்னைத்தானே கேலி செய்துகொள்பவள்தான். ஆனாலும் அன்று அவள் முகம் செத்துவிட்டது.

"இனி அவகூட ஒரு வார்த்தை பேசினா என்னன்னு கேளு" என்றாள் என்னிடம்.

மறுநாளே நெட்டை மன்னிப்புக் கேட்டாள். இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாழாய்ப்போன வீம்பு! அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஓடியது. ஒரே விரிப்பைப் பிடித்துக்கொண்டு, விரலோடு விரல் உரச நடந்து வந்து, ஒரு சொல் இல்லாமல் திரும்பிப் போனார்கள். பார்க்கிற எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

பிறகு நெட்டையின் பக்கம் முனை நழுவ ஆரம்பித்தது. துவைத்த துணி தரையில் பட்டால் மறுபடியும் துவைக்கப் போட வேண்டும். குட்டை பல்லைக் கடித்தாள்.

"வேணும்னே விடுறா. என்னைக் குனிஞ்சு பொறுக்க வைக்கணும் அவளுக்கு."

என் மேசையிலிருந்து பார்த்தால் விரிப்பு விழுவது மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு முறையும் நழுவியது இடது கையிலிருந்துதான் என்பது எதிரே நின்றவளுக்குத்தான் தெரியும். பேச்சுவார்த்தை இருந்திருந்தால் "கைக்கு என்னடி ஆச்சு?" என்று அப்போதே கேட்டிருப்பாள்.

ஒரு காலையில் நெட்டை வேலைக்கு வரவில்லை. பக்கவாதம் என்றும், மாடியில் சேர்த்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். குட்டை கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

டாக்டர் நெட்டையின் மகளிடம் பேசிக்கொண்டிருந்தார். "கொஞ்ச நாளாவே கை மரத்திருக்கும், பிடிச்சது நழுவியிருக்கும். யாராவது கவனிச்சு அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது."

குட்டை கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண் இவளை அதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் உயரத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "குட்டைச் சித்திதானே?" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"அம்மாவுக்கு தினமும் உங்க பேச்சுதான் சித்தி. இன்னைக்கு சித்தி இப்படிச் சொன்னா, அப்படிச் சிரிச்சான்னு வந்து சொல்லுவாங்க. போன வாரம்கூட, 'கைக்கு எண்ணெய் தடவிப் பாருன்னு சித்தி சொன்னா'ன்னு தடவிக்கிட்டாங்க."

குட்டை என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆமாம்மா, சொன்னேன்" என்றாள்.

நெட்டைக்குப் பேச்சு போய்விட்டது. கண் மட்டும் குட்டையின் மேலேயே இருந்தது. மகள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"பேசிட்டே இருங்க சித்தி. உங்க குரலைக் கேட்டா அம்மாவுக்குத் தெம்பு வரும்."

குட்டை உட்கார்ந்து, துவண்டு கிடந்த அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள், மூடினாள். அவள் பேசட்டும் என்று நெட்டை காத்திருந்தாள். மூக்கில் குழாய் போட்டுப் படுத்திருந்தவளிடம் குட்டை கேட்டாள்:

"சாப்பிட்டியாடி?"