திருப்பிக் கொடுக்காத படம்

செத்தவர்களுக்குக் கண் திறப்பதும் என் பிழைப்பில் சேர்த்தி. திண்டிவனத்தில் போர்டு எழுதும் கடை வைத்திருந்தேன். அந்தக் காலத்தில் ஊர்ப்பக்கம் பல பேர் உயிரோடு இருக்கையில் ஒரு போட்டோகூட எடுத்துக்கொண்டதில்லை. செத்த பிறகு நாற்காலியில் சாய்த்து வைத்து எடுப்பார்கள். அதை என்னிடம் கொண்டுவருவார்கள். மூக்குப் பஞ்சையும் தாடைக் கட்டையும் விட்டுவிட்டு, மூடிய கண்ணைத் திறந்த கண்ணாக நான் வரைய வேண்டும். கண்ணுக்கு மாதிரியாகக் கூடப்பிறந்தவர் யாரையாவது கூட்டிவரச் சொல்வேன்.

விழுப்புரம் தனி மாவட்டமாகிச் சில வருஷம் இருக்கும். கெடார் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கூலி வேலை, வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம். பெரிய மகள் காய்ச்சலில் போய்ப் பத்து மாதம். வருஷப் பூசைக்குப் படம் வேண்டும் என்றார். கண்ணுக்காகச் சின்ன மகளை அழைத்து வந்திருந்தார்.

அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதது. “அழாதம்மா, கண்ணு வீங்கிடும், என் வேல கெட்டுப்போவும்” என்றேன். நான் அப்படிப்பட்ட ஆள்.

வரைந்ததைப் பார்த்துத் தாய் தலையை ஆட்டினார். “இது சின்னவ கண்ணு தம்பி. ஆடு மாதிரி முழிக்குது. பெரியவ பாத்தா எதுக்கோ சிரிக்கப்போற மாதிரி இருக்கும்.”

“ஆமா, அவ இருந்தப்ப அவள மாட்டுக் கண்ணின்னு திட்டுன. இப்ப நான் ஆடா?” என்றாள் சின்னவள்.

மூன்று நாள் பஸ் ஏறி வந்து அந்தத் தாய் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லித் திருத்த வைத்தார். இமையை இறக்கு, கொஞ்சம் ஏத்து, அங்கயே நிறுத்து. மூன்றாம் நாள் சாயங்காலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “வந்துட்டா” என்றார்.

அப்போதே கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும். மாவட்டத்து ஓவியர்களுக்குப் பரிசு, விழுப்புரத்தில் கண்காட்சி என்று நோட்டீஸ் வந்திருந்தது. போர்டுக்காரன் என்றே கூப்பிடும் ஊரில் ஒரு தடவையாவது ஓவியன் என்று கூப்பிடட்டும் என்று ஆசை. “பெயிண்ட் காயலம்மா, பூசைக்கு முன்னாடி தர்றேன்” என்று பொய் சொன்னேன். பாரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுப் படத்தை அனுப்பினேன்.

முதல் பரிசு எனக்குத்தான். படத்தின் கீழே ‘கிராமத்துப் பெண்’ என்று அவர்களே அட்டை ஒட்டியிருந்தார்கள். செத்த பெண் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

கடை பூட்டியிருப்பதைப் பார்த்த அந்தத் தாயிடம் டீக்கடைக்காரர் பெருமையாகச் சொல்லிவிட்டார். அந்த அம்மா நேராக விழுப்புரம் வந்துவிட்டார். கையில் படத்தைச் சுற்றிக்கொள்ள ஒரு வெள்ளை வேட்டி. படத்தின் முன்னால் நின்று, “இங்க வந்து நின்னுக்கினு இன்னாடி பண்ற?” என்றார்.

சென்னையிலிருந்து வந்த நடுவர் சிரித்தபடி கேட்டார். “உங்க பொண்ணா? கூட்டிட்டு வரலையா?”

“கூட்டிக்கினு போவத்தான் சார் வந்தேன்.”

ஆணியிலிருந்து படத்தைக் கழற்றப் போனார். இரண்டு பேர் ஓடிவந்து கையைப் பிடித்தார்கள். பரிசு பெற்ற படம் பரிசு கொடுத்தவர்களுக்கே சொந்தம் என்று பாரத்தில் போட்டிருந்ததாம். “ரூல்ஸும்மா” என்றார் பொறுப்பாளர்.

“செத்துப்போன பொண்ணு சார் அது. அதுக்கு இன்னா ரூல்ஸு?”

அப்போதும் ஒருவரும் படத்தைக் கொடுக்கவில்லை. கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற நான், “வேற வரைஞ்சு தர்றேம்மா” என்றேன்.

“வேற பொண்ணையா?” என்றார்.

கேடயத்தைத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தேன். வாங்க மாட்டேன் என்றார்கள். மறுபடி வரைய உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்து திருத்த அந்தத் தாய் வரவில்லை. நான்கு தடவை அழித்து வரைந்தேன். பூசையன்று காலை பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனேன். மெழுகுவத்தியும் மாலையும் தயாராக இருந்தன. தாய் துணியை விலக்கிப் பார்த்தார். சட்டென்று மூடினார்.

“இது சின்னவ தம்பி. உசுரோட இருக்கறவளுக்கு மால போடச் சொல்றியா?”

கதவோரம் நின்ற சின்னவள் விலகி வழி விட்டாள். படத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். அன்று வெறும் சுவருக்கு முன்னால்தான் மெழுகுவத்தி எரிந்தது.

அதன் பிறகு எந்தச் சாவுப் படத்துக்குக் கண் திறந்தாலும் ஆட்டு முழிதான் வந்தது. அந்த வேலையை விட்டேன். வருஷா வருஷம் பூசைக்கு முந்தின நாள் அந்தத் தாய் கடை வாசலில் வந்து நிற்பார். “கெடச்சுதா தம்பி?” என்பார். “இல்லம்மா” என்பேன். திட்ட மாட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நானும் விழுப்புரத்துக்கு அலைந்தேன். பரிசு கொடுத்த ஆபீஸ் இடம் மாறியது, ஆட்கள் மாறினார்கள். எந்தப் படம் என்றார்கள்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு தடவை சின்னவள் வந்தாள். அம்மா போய்விட்டதாகச் சொன்னாள். படம் வரைய வேண்டுமா என்று கேட்டேன், புத்தி கெட்டு.

“வேணாம். அம்மாவ உசுரோட இருக்கையிலயே போட்டோ எடுத்து வெச்சிட்டேன். இனிமே வந்து கேக்க ஆள் இல்லன்னு சொல்லத்தான் வந்தேன்” என்றாள்.

இப்போதும் அந்தப் பூசைக்கு முந்தின நாளில் கடையைப் பூட்ட முடிவதில்லை. வாசலில் நிழல் விழுந்தால், யார் என்று பார்ப்பதற்குள் வாய் “இல்லம்மா” என்று சொல்லிவிடுகிறது.