ஞாயிறுக்கு ஓர் அத்தியாயம்

தீவில் நாங்கள் இருந்த டெலானிபூர் குவார்ட்டர்ஸில் எங்கள் அடுத்த வீட்டு ஓவர்சியர், கால் ஒடிந்த மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டிக் காதில் மாட்டியிருப்பார். மெட்ராஸ் கப்பல் நான்கு வாரத்துப் பத்திரிகையை ஒரே கட்டாகக் கொண்டுவரும். அதில், ஒத்துப்போகாத ஒரு கணவன் மனைவியின் கதை தொடராக வந்துகொண்டிருந்தது. நான் நான்கையும் அன்றே விழுங்கிவிடுவேன். அவரோ ஞாயிறுக்கு ஓர் அத்தியாயம்தான் படிப்பார்.

“எப்படிண்ணே பொறுமையா இருக்கீங்க?” என்றேன்.

“மெயின்லேண்ட்ல என் வீட்டுக்காரியும் வாரம் ஒண்ணுதாம்மா படிக்கிறா. எங்களுக்குள்ள பேச்சு நின்னு ரெண்டு வருஷமாச்சு. இப்ப லெட்டர்ல இந்தக் கதையப் பத்தி மட்டும் எழுதிக்கிறோம். அவ புருஷன் கட்சி, நான் பொண்டாட்டி கட்சி.”

கடைசி அத்தியாயம் வந்த கப்பலிலேயே அவளுடைய கடிதமும் வந்தது. ‘முடிவை நான் இன்னும் படிக்கவில்லை. நீங்கள் வந்தால் சேர்ந்து படிக்கலாம்.’

அதே கப்பலில் லீவு போட்டுக் கிளம்பினார். வழியனுப்பப் போன என்னிடம், “நீ படிச்சிருப்பே. முடிவச் சொல்லிராதம்மா” என்றார்.

சொல்லவில்லை. அவர் திரும்புமுன் எங்களுக்கு மாற்றலாகிவிட்டது.

கதையில் அந்த இருவரும் கடைசிவரை சேரவேயில்லை. அதைப் படித்து முடித்ததும் இவர்களில் யார் முதலில் வாய் திறந்திருப்பார்கள் என்று இன்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.