பொரியலைக் கொட்டிய எட்டு வருஷம்

எட்டு வருஷமாக, கேன்டீனில் வைக்கிற கீரையையும் காராமணிப் பொரியலையும் வேல்விழி அப்படியே குப்பையில் கொட்டினாள். பிடிக்காமல் இல்லை. காருக்கு வயர் கட்டும் லைனில் நிற்பவளால், அதைத் தின்று வயிறு கலக்கினால் நினைத்த நேரம் டாய்லெட்டுக்குப் போக முடியாது. கையைத் தூக்கிவிட்டு, மாற்று ஆள் வரும்வரை நிற்க வேண்டும். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். சோறும் உருளைக்கிழங்கும்தான் பத்திரம். பென்னலூரில் அவளோடு ஒரே அறையில் தங்கி, அதே லைனில் வேலை பார்த்த திருநெல்வேலிப் பெண்கள் மூன்று பேரும் அப்படித்தான்.

முப்பத்து மூன்று வயதில் சுகர் வந்தது.

"மாத்திரையோட காயும் பயறும் சாப்பிடணும்," என்றார் டாக்டரம்மா. "குடல்ல இருக்கிற நல்ல கிருமிகளுக்கு அந்த நார்ச்சத்துதான் சாப்பாடு. அதுங்க நல்லா இருந்தா சுகர் கட்டுப்படவும் உதவும். நீ அதுங்களைப் பட்டினி போட்டிருக்கே."

வேல்விழிக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அறையில் மூவரிடமும் சொன்னாள், சிரித்தார்கள். மறுநாளே பொரியலைக் கேட்டு வாங்கித் தின்றாள். முதல் வாரம் வயிறு உப்பியது. அவள் விடவில்லை. லைனில் தினமும் கையைத் தூக்கினாள்.

"இன்னாம்மா, டெய்லி இதே வேலையாக் கீது?" என்று சிடுசிடுத்தார் சூப்பர்வைசர் புருஷோத்தமன்.

"ஆமா சார், நாளைக்கும் தூக்குவேன். வயித்துக்குள்ள இருக்கதுகளைப் பட்டினி போட்டு ஒங்க லைனை ஓட்டுனது போதும். ஆளை அனுப்புங்க."

ஆள் வந்தார். அவள் திரும்பி வந்தபோது அந்த மூன்று பேரின் கைகளும் உயர்ந்திருந்தன.