ராதிவோய் திறக்காத தொட்டி

எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவர் ராதிவோய். தீசா ஆற்றங்கரையில் அப்படி நின்றவரைக் 'கூம்' என்போம்; அவருக்கு நான் 'கூமா'. ரத்த உறவுக்கும் ஒரு படி மேல். கூமோடு சண்டை போடக் கூடாது. என் வாயை வைத்துக்கொண்டு அதைக் காப்பாற்றுவது எவ்வளவு பாடு என்று எனக்குத்தான் தெரியும். அவர் விமானத்தில் கொசுமருந்து தெளிப்பவர்; நான் தேனீ வளர்ப்பவள்.

ஆனால் மனுஷன் தங்கம். மருந்து தெளிக்கும் நாளை ரேடியோவில் சொல்வார்கள். அது போதாதென்று இவர் முந்தின நாளே போன் செய்துவிடுவார்.

"கூமா, நாளைக்கு உன் பிள்ளைங்கள வெளிய விடாத."

அந்த ஜூலையிலும் சொன்னார். கொளுத்துகிற வெயிலில் பூட்டிவைத்தால் தேனீக்கள் வெந்துபோகும். அதனால் நானும் என் கணவர் மிலுதினும் கூடுகளை லாரியில் ஏற்றி ஆற்றுக்கு அக்கரையில் வைத்துவிட்டோம். புதிதாக வர்ணம் பூசிய காலித் தேனீப் பெட்டிகள் மட்டும் சூரியகாந்தி வயலோரம் காய்ந்துகொண்டிருந்தன. இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

மறுநாள் அந்தப் பெட்டிகளை எடுக்க சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். தொட்டி நிறைய மருந்தோடு வந்த விமானம், வயலுக்கு மேலே இரண்டு முறை செருமிவிட்டு அடங்கிப்போனது. எஞ்சின் நின்றால் தொட்டியைத் திறந்து மருந்தைக் கொட்டிவிட வேண்டும். பாரம் குறைந்தால் விமானம் மிதந்தபடி புல்வெளி வரை போய் இறங்கிவிடும். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"கொட்டுங்க, கொட்டித் தொலைங்க" என்று கத்தினேன். ஒரு சொட்டு விழவில்லை. விமானம் பெட்டிகளை உரசுகிற மாதிரி தாண்டிப் போய், சோளக்கொல்லையில் குப்புறக் கவிழ்ந்தது.

ஓடினேன். இருக்கை வாரில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். ஒரு கால் இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"பெட்டி மேல சிந்தலையே, கூமா?"

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கூமோடு சண்டை கூடாதென்ற வழக்கமாவது ஒன்றாவது. "அறிவிருக்கா உங்களுக்கு? செத்திருந்தா நான் யார் மூஞ்சில முழிப்பேன்?"

"அதவிடு. எத்தன செத்துச்சு?"

"ஒண்ணுகூட சாகல" என்றேன். பொய்யில்லையே. அதைக் கேட்ட பிறகுதான் கண்ணை மூடினார்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் கூடுகளைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்துவிட்டோம். கால் கூடியது, கொஞ்சம் குட்டையாக. அதோடு பறப்பதும் நின்றது.

வருஷாவருஷம் எங்கள் வீட்டுப் புனிதர் திருநாளில் முதல் விருந்தாளி அவர்தான். வாசலில் ஒரு கரண்டித் தேனை வாயில் போட்டுக்கொண்டு மற்றவர்களிடம் சொல்வார்: "இது நான் காப்பாத்தின தேன்."

மிலுதின் கூரையைப் பார்ப்பார். நான் இன்னொரு கரண்டி எடுத்து நீட்டுவேன்.

"ஆமா கூம். நீங்க காப்பாத்தினதுதான்."